எண்பத்து நாலு படி இறங்கிய வெயில்

மார்ச் 3, திங்கள்

பல் திரும்பி வந்துவிட்டது. மேல் வரிசை, முன்பல். மாதம் பிறந்து மூன்று நாள்கூட முழுசாக ஆகவில்லை.

கிளினிக்கில் பல் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை நீட்டும்போதே புரிந்துவிட்டது. "உங்க அக்கா வேலையில குத்தம் சொல்ல முடியாதும்மா. கலர்தான் உதைக்குது" என்றார். போன மாதமும் இதே பாட்டுதான். இந்தத் தடவை கூடவே இன்னொரு வரி. இனி ஒன்று திரும்பினால் வேலை முழுவதையும் பெரிய லேப்புக்கு மாற்றிவிடுவாராம்.

வரும் வழியெல்லாம் சைக்கிள் கூடையில் இருந்த பல்லோடு பேசிக்கொண்டு வந்தேன். உனக்கு என்னதான் குறைச்சல், சொல்லித் தொலையேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அக்கா பீங்கான் பல் செய்கிறவள். பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, சின்னச் சூளையில் சுடுவாள். ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு நிறம் பார்க்க வேண்டும். எங்கள் லேப் இருப்பது கட்டடத்தின் அடித்தளத்தில். ஜன்னல் கிடையாது. தெருவில் நின்று பார்க்கலாம் என்றால், எதிரே புதுக் கட்டடம் கட்டுகிறவர்கள் நீலத் தகரம் அடித்துவைத்திருக்கிறார்கள், தெருவே நீலம் பூத்துக் கிடக்கிறது. அதனால் அக்கா மொட்டை மாடிக்குப் போவாள். எண்பத்து நாலு படி. ஒரு கையில் பல், இன்னொரு கையில் பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த நிறப்பட்டை, ஒவ்வொரு நிறத்துக்கும் ஏ-டூ, பி-த்ரீ என்று ஒரு பெயர். ஒரு பல்லுக்கு நாலு தடவை ஏறி இறங்குவாள். அப்படிச் செய்த ஒரு பல்கூடத் திரும்பியதில்லை.

இப்போது அவளுக்கு ஆறாம் மாதம். பிரசவ டாக்டர் மாடிப்படி பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். காலையில் ஒன்பது படி இறங்கி லேப்புக்கு வரலாம், சாயங்காலம் அதே ஒன்பது படி ஏறி வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் அனுமதி. அதனால் அட்டையில் 'பகல் வெளிச்சம்' என்று எழுதிய பல்பு ஒன்றை வாங்கி மாட்டினோம். அதன் கீழே செய்த இரண்டுதான் திரும்பின.

பல்லை நான் மேலே கொண்டுபோய்ப் பார்த்து வந்து சொல்கிறேனே என்றேன்.

"உனக்கு ஏ-டூவுக்கும் ஏ-த்ரீக்கும் வித்தியாசம் தெரியாதுடி பூச்சி. என் கண்ணைக் கழட்டியா குடுத்தனுப்ப முடியும்?"

பூச்சி என்றால் நான்தான். வெளிச்சத்தைக் கண்டால் போய் விழுவேனாம்.

மார்ச் 5, புதன்

பழைய முதலாளி அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். 'இடம் காலியாகத்தான் இருக்கிறது.' ஒரே வரி. கீழே ஒரு சிரிப்புப் பொம்மை.

போன வருடம் அக்கா வேலையை விட்டபோது, ஒரே வருஷத்தில் நீயாகத் திரும்பி வருவாய் என்று பத்து பேர் எதிரே சொன்னவன் அவன். இந்த டாக்டர் வேலை போனால் லேப்பில் பாதி வேலை போச்சு. அப்புறம் அந்தச் சிரிப்புப் பொம்மையின் கீழே போய் நிற்க வேண்டியதுதான்.

கூடாது. முடியவே முடியாது.

மார்ச் 6, வியாழன்

எனக்கு ஏன் இது முதல் நாளே தோன்றவில்லை?

மூன்று வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? இணையத்தில் ஒளிக்குழாய்க் குழுவில் பழியாகக் கிடக்கிறேன். மாடியில் வெயிலைப் பிடித்துக் குழாய் வழியாகக் குளியலறைக்கு இறக்குகிறவர்கள், சுரங்கத்துக்குள் கொண்டுபோகிறவர்கள், ஒயர் இல்லாமல் கரண்ட் இல்லாமல் கிடங்கு முழுக்கப் பகலாக்குகிறவர்கள், எல்லாரையும் எனக்குத் தெரியும். நானூறு வீடியோ பார்த்திருப்பேன். ஒரு வீடியோவைத் தூக்கத்தில்கூடச் சொல்வேன்: வெளிச்சமும் தண்ணி மாதிரிதான், வழி காட்டினா வந்துரும்.

அக்கா மேலே போக முடியாது. சரி. வெயிலைக் கீழே கூட்டிவந்தால்?

அக்காவிடம் சொன்னேன். தலை நிமிராமலே, "நீ இதுவரைக்கும் கையால எதையாவது செஞ்சிருக்கியா, இல்ல பாத்தது மட்டும்தானா?" என்றாள்.

பார்த்தது மட்டும்தான். ஆனால் நானூறு.

மார்ச் 9, ஞாயிறு

ஒளியிழை கிடைத்துவிட்டது!

ஹோட்டல்களுக்கு நட்சத்திரக் கூரை போடுகிற ஒருவர். பிளாஸ்டிக் இழைகளைக் கூரை முழுக்கக் குத்தி ஒரு முனையில் விளக்கு வைப்பார், கூரை வானமாகிவிடும். அவரிடம் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. என் மணிக்கட்டு தடிமன், இருபத்திரண்டு மீட்டர் நீளம். எங்கள் கட்டடத்துக்கு அளவெடுத்தது போல. பதிலுக்கு அவருடைய விளம்பர வீடியோ மூன்றை வெட்டி ஒட்டி நிறம் சரிசெய்து கொடுக்க வேண்டும். அது எனக்கு இடது கை வேலை. மங்கலான கூரையை மின்னவைப்பதில் என்னை அடிக்க ஆள் இல்லை.

அத்தான் தண்ணீர்க் குழாய் போகிற சந்து வழியாக இழைக்கட்டை இறக்கிக் கொடுத்தார். பஸ் ஓட்டுகிறவர். எதை இறக்கினாலும் "வரட்டும், வரட்டும், இன்னும் கொஞ்சம், ரைட்" என்றுதான் இறக்குவார்.

மார்ச் 12, புதன்

எரிந்துவிட்டது.

பெரிய லென்ஸை வைத்து வெயிலைக் குவித்தேன். குவிந்தது. இழைக்கட்டின் முனையில் நெற்றிப் பொட்டு அளவுக்கு வெள்ளைப் புள்ளி. அழகு. அப்புறம் புகை. இழைகள் உருகி மெழுகுவர்த்தி மாதிரி ஒழுகின. பக்கெட் தண்ணீரை ஊற்றினேன். சரியாக அந்த நேரம் பார்த்து ஸ்விட்ச் சார் நடைப்பயிற்சிக்கு மேலே வந்தார்.

ஸ்விட்ச் சார் எங்கள் கட்டடத்துச் சங்கச் செயலாளர். எந்தத் தளத்தில் எந்த விளக்கு எரிந்தாலும் போய் அணைப்பார். ஒருமுறை என் தலைக்கு மேல் எரிந்ததை நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அணைத்திருக்கிறார். இன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, மொட்டை மாடியில என்ன சமையல்?"

அக்காவிடம் மறைக்கலாம் என்றால் நாற்றம் எனக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்திருந்தது.

மார்ச் 13, வியாழன்

உருகிய முனையை அறுத்தெடுத்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். லென்ஸுக்கும் இழைக்கும் நடுவில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பெட்டி ஒன்று. சூடு தண்ணீரில் தங்கிவிடும், வெளிச்சம் மட்டும் தாண்டிப் போகும் என்று குழுவில் சொன்னார்கள். மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். புகை இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

வந்துருச்சு வந்துருச்சு வந்துருச்சு.

அக்காவின் மேஜை மேல், இழைக்கட்டின் நுனியில், வெயில். அடித்தளத்தில். எந்த ஸ்விட்சும் போடாமல். அதை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன், சூடே இல்லை. அத்தான் கையை நீட்டி, "டிக்கெட் எடுக்காம இவ்வளவு தூரம் வந்திருக்கு பாரேன்" என்றார்.

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் தொள்ளாயிரம் பேர் விரும்பியிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் நான் போட்ட எதற்கும் பதினொன்றைத் தாண்டியதில்லை.

ஆந்தைப் படம் வைத்த ஒருவர் மட்டும் 'திருத்தாத படம் இருந்தால் போடுங்கள்' என்று கேட்டார். எல்லா இடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். பதில் போடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அக்கா இழை வெளிச்சத்தில் புதுப் பல் ஆரம்பித்துவிட்டாள். திரும்பி வந்ததற்குப் பதில்.

இரண்டாம் சூட்டுக்குப் பிறகு கண்ணைக் கசக்கினாள். "என்னமோ மாதிரி இருக்குடி. பட்டையில இருக்கற பல்லெல்லாம் சோகை பிடிச்ச மாதிரி தெரியுது."

நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பாரு, பால் வெள்ளை. தொள்ளாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

படத்தைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். "அப்ப என் கண்ணுதான் மாறிப்போச்சோ. வயித்துல இருக்கும்போது எல்லாம் மாறும்னு சொல்வாங்க" என்றாள். தூரிகையில் இளஞ்சிவப்பு கொஞ்சம் தொட்டுக்கொண்டாள்.

மார்ச் 22, சனி

திரும்பிவிட்டது.

டாக்டர் இந்தத் தடவை கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஜன்னல் ஓரம் பல்லைத் தூக்கிப் பிடித்து, "பல்லுக்கு வெக்கம் வந்துருச்சாம்மா?" என்று கேட்டார். எனக்கே தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் அந்தப் பல்லுக்குக் கன்னம் சிவந்திருந்தது.

நாற்காலியில் இருந்த, பல்லுக்குச் சொந்தக்கார அம்மாவை முதல் தடவையாக இன்றைக்குத்தான் பார்த்தேன். பள்ளிக்கூட டீச்சர். கைக்குட்டையால் வாயை மறைத்தபடிதான் பேசினார். ஆறு வாரமாக வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தே பாடம் எடுக்கிறாராம், பிள்ளைகள் பக்கம் திரும்புவதில்லையாம். பெரிய லேப்புக்கு மாற்றிவிடுகிறேன் என்று டாக்டர் அவரிடம் சொன்னார். அந்த அம்மா பல்லை வாங்கி நாக்கால் அந்த இடத்தில் பொருத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேண்டாம் டாக்டர். வடிவம் என் பல்லேதான். கலரை மட்டும் அவங்களே மாத்தித் தரட்டும்."

டாக்டர் கெடு வைத்தார். ஏப்ரல் பதினொன்று. அதுதான் கடைசி.

மார்ச் 23, ஞாயிறு

இதை எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமே இல்லை.

காலையில் ஆந்தையின் கேள்வி ஞாபகம் வந்தது. போனைத் திறந்து பதினாறாம் தேதி எடுத்த மூலப் படத்தைப் பார்த்தேன். பச்சை. மேஜை மேல் இருந்த வெள்ளைத் தாள் வெள்ளரிக்காயின் உள்பக்கம் மாதிரி. இலேசாகத்தான். ஆனால் பச்சை.

எனக்கு அன்றைக்கே தெரியும். இல்லை — தெரியும் என்று சொல்ல முடியாது. பார்த்தேன். படம் அசிங்கமாக இருக்கிறது என்று நினைத்தேன். போன் கேமராவின் கோளாறு என்று நினைத்தேன். நிறத்தைச் சரிசெய்யும் கோட்டை விரலால் இழுத்தேன், வெள்ளையாகும் வரைக்கும். எதைப் பார்த்தாலும் அப்படித்தான் செய்வேன். கூரைக்காரர் வீடியோவுக்குச் செய்தேன், என் மூஞ்சிக்குச் செய்வேன், சாப்பாட்டுத் தட்டுக்குச் செய்வேன். நாலு வினாடி வேலை. அப்புறம் அந்தப் படத்தையே சாட்சியாக அக்கா முன்னாடி நீட்டிட்டேன். அவ கண்ணு சரியாத்தான் பாத்துச்சு. நான்தான் அவளையே நம்ப விடாம பண்ணிட்டேன்.

மத்தியானம் சொல்லிவிட்டேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அக்கா எழுந்து சூளைப் பக்கம் போனாள். சூளையின் கதவைத் திறந்தாள், மூடினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"நீ அந்தக் குழுவுக்குப் பொய் சொன்னா எனக்கென்ன. என் கண்ணுக்குப் பொய் சொல்லிட்டியேடி."

அத்தான் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். அவரைப் பார்த்த பார்வையில் அவரே பிரேக் போட்டுக்கொண்டார்.

மார்ச் 24, திங்கள்

குழுவில் மூலப் படத்தைப் போட்டேன். என்ன செய்தேன் என்பதையும், ஒரு பல் வீணானதையும் எழுதினேன்.

தொள்ளாயிரம் இருந்த இடத்தில் முதல் ஒரு மணி நேரத்தில் ஆறு. ஒருவர் 'நல்ல விளக்கு ஒன்று வாங்கியிருக்கலாமே' என்றார். அட்டையில் எழுதியதை நம்பி ஏற்கெனவே ஒன்று வாங்கியாயிற்று என்று பதில் போட்டேன்.

அப்புறம் ஆந்தை வந்தார். திட்டவில்லை. பிளாஸ்டிக் இழை சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வருமாம். ஒரு மீட்டரில் தெரியாது. இருபது மீட்டரில் சிவப்பு மெலிந்து பச்சை மிஞ்சும். நடைபாதைக்கு அந்த வெளிச்சம் போதும், நிறம் பார்க்க ஆகாது. சிவப்பு குறைவாகத் தெரிவதால்தான் அக்கா அதிகமாக வைத்திருக்கிறாள். 'உங்களுக்கு வேண்டியது எதையும் தொடாமல் வருகிற வெளிச்சம். காற்றுக்குள்ளேயே இறங்க வேண்டும். நேராக ஒரு பொந்து இருக்கிறதா?'

பொந்து.

இருக்கு. எங்க கட்டடத்துல இருக்கு.

மார்ச் 26, புதன்

குப்பைக் குழல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தளத்திலிருந்தும் குப்பையைப் போட்டால் நேரே அடித்தளத்துக்கு வந்து விழும். மூடி வைத்துப் பல வருஷம் ஆகிறது. மொட்டை மாடியில் தொடங்கி, லேப்புக்கு அடுத்த அறையில் முடிகிறது. நடுவில் ஒரு வளைவுகூட இல்லை.

ஸ்விட்ச் சாரிடம் போனேன். முடியாது என்றார். திறந்தால் எலி வரும், தூசி வரும், விதியில் இடமில்லை, அதுவும் மாடியில் தீ வைத்த ஆளுக்கு.

திரும்பி வந்துவிட்டேன். பாதிப் படியில் நின்று யோசித்தேன். அப்புறம் மறுபடி ஏறினேன். சார், அடித்தள நடைபாதையில் ஐந்து விளக்கு பகல் முழுக்க எரிகிறதே, அதை மட்டும் நீங்கள் ஏன் அணைப்பதில்லை?

முகம் வாடிவிட்டது. ஒருமுறை அணைத்தாராம், மீட்டர் பார்க்க வந்தவர் தடுக்கி விழுந்துவிட்டாராம். அன்றிலிருந்து அந்த ஐந்தும் அவர் நெஞ்சில் எரிந்துகொண்டிருக்கின்றன. லேப்புக்குப் போக மிஞ்சுகிற வெயிலை நடைபாதைக்குத் திருப்பிவிட்டால் நண்பகலில் நாலை அணைக்கலாம் என்றேன். நிறம் பார்க்க ஆகாத இழைக்கட்டையும் அங்கேயே தொங்கவிட்டால் காலை மாலையிலும் கொஞ்சம் வரும்.

"அஞ்சாவது?"

அது மேகம் வந்தால் வேண்டும் சார்.

விரல்விட்டு நாலு எண்ணினார். "எழுதிக் குடு. நாலுன்னு எழுது. அஞ்சுன்னு எழுதி ஏமாத்தாதே" என்றார்.

நாலு என்றே எழுதினேன். இனி எதையும் கூட்டி எழுதுவதாக இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

குழலைச் சுத்தம் செய்தோம். நீளக் கழியில் துடைப்பம் கட்டி அத்தான் மேலிருந்து, நான் கீழிருந்து. ஒரு குடை, ஒற்றைச் செருப்பு மூன்று, முள் இல்லாத சுவர்க் கடிகாரம். இரண்டாம் தளத்தில் ஏதோ அடைத்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. இழுத்தால் ஒரு பெரிய கரடிப் பொம்மை. தொப்பென்று என் தலையிலேயே விழுந்தது. இத்தனை வருஷமும் அது வெளிச்சத்தை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கீழிருந்து அண்ணாந்து பார்த்தேன். மேலே நாணயம் அளவுக்கு வானம்.

குழலின் உள்பக்கம் வெள்ளித் தகடு ஒட்டுகிறோம். வெயில் நேராக வந்தால் தகடு தேவைப்படாது. கொஞ்சம் சாய்ந்தால் ஒரு தடவை பட்டுத் திரும்பி இறங்கிவிடும்.

அக்கா என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசுகிறாள். அந்தப் பெட்டியை எடு. அந்தத் தூரிகையை அலசு. பூச்சி என்று கூப்பிட்டு ஒரு வாரம் ஆகிறது.

ஏப்ரல் 2, புதன்

கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்தையும் பார்த்தேன். தடிமனானதன் ஓரம் பச்சையாகத் தெரியும். அதாவது அதுவும் சிவப்பைத் தின்னும். இருப்பதிலேயே மெல்லியதாக இரண்டு கேட்டேன். "மூஞ்சி பாக்கறதுக்கா?" என்றார் கடைக்காரர். இல்லை, பல் பார்ப்பதற்கு என்றேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

மாடியில் ஒன்று, வெயிலை வாங்கிக் குழலுக்குள் தள்ள. அடியில் இன்னொன்று, அதைச் சுவரில் போட்ட ஓட்டை வழியாக லேப்புக்குள் திருப்ப. ஓட்டையில் ஒரு சொரசொரப்புக் கண்ணாடி, வெளிச்சத்தைப் பரப்ப.

பதினொன்றரை மணிக்கு மாடிக் கண்ணாடியைத் திருப்பினேன். கீழிருந்து அத்தான் குரல் குழல் வழியாகவே வந்தது: "வரட்டும்... வரட்டும்... இன்னும் கொஞ்சம்... ரைட்."

எண்பத்து நாலு படியையும் ஒரே மூச்சில் இறங்கினேன். வெயில் எனக்கு முன்னால் இறங்கியிருந்தது. மேஜை, சூளை, தூரிகைகள், சுவரில் இருந்த பழைய காலண்டர் எல்லாம் வேறு நிறம். இல்லை, அதன் அதன் நிறம்.

முதலில் வெள்ளைத் தாள். ஒரே தாளை மாடியில் ஒரு படம், இங்கே ஒரு படம். கேமராவின் தானியங்கி நிறத்தைப் பூட்டிவைத்து எடுத்தேன். இரண்டையும் அக்கா கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். என் சொல் இப்போது செல்லாத காசு.

அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். நிறப்பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், ஒவ்வொரு பல்லாகத் தள்ளினாள். அப்புறம் அத்தானைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள். பட்டையை அவர் பல்லோரம் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"நீங்க ஏ-த்ரீ இல்ல. பி-த்ரீ. இத்தனை வருஷமா தப்பா நினைச்சுட்டிருந்தேன்."

"இனிமே மாத்திக்க முடியாதா?" என்றார் அத்தான், வாயைத் திறந்தபடியே.

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "அந்த ஈரத்துணிய எடு பூச்சி, ஆரம்பிக்கலாம்" என்றாள்.

பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். சும்மா.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒரு சிக்கல். வெயில் ஒரு இடத்தில் நிற்பதில்லை. இது நானூறு வீடியோவிலும் சொன்னதுதான், ஆனால் காலால் உணர்ந்தது இன்றைக்குத்தான். லென்ஸை அவ்வப்போது நகர்த்தினால் போதுமாக இருந்தது. இந்தக் கண்ணாடியையோ மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு மயிரிழை திருப்பவில்லை என்றால் வெளிச்சம் நழுவிவிடுகிறது. திருப்பும் மோட்டாருக்கு ஆந்தை வரைபடம் அனுப்பியிருக்கிறார், செய்து முடிக்க ஒரு மாதமாவது ஆகும். நானே மேலே நின்றால் கீழே அக்காவுக்குச் சூளைத் தட்டு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. அத்தானுக்கு இன்றிலிருந்து பகல் ஷிப்ட்.

பன்னிரண்டு மணிக்கு நான் கீழே தட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது வெளிச்சம் மெதுவாகச் சாய ஆரம்பித்தது. ஓடலாம் என்று திரும்பினேன். அதற்குள் தானாகவே நிமிர்ந்துவிட்டது.

மேலே போய்ப் பார்த்தால் ஸ்விட்ச் சார். தலையில் ஈரத் துண்டு, கையில் கடிகாரம். "நான் நடக்கத்தான் வந்தேன்" என்றார். அவர் நடப்பது காலை ஆறு மணிக்கு.

ஏப்ரல் 7, திங்கள்

டீச்சர் பல். முதல் சூடு, இரண்டாம் சூடு. பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை மட்டுமே நிறம் பார்க்கிறோம். மற்ற நேரம் வடிவ வேலை.

அக்கா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. நாலு தடவை ஏறி இறங்கியிருக்க வேண்டிய நாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பன்னிரண்டே காலுக்கு மேகம். இருபது நிமிஷம். அக்கா தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். பல்பைப் போடட்டுமா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

வெயில் திரும்பியது. அக்கா பல்லைப் பார்த்து, இவ்வளவுதான், முடிந்தது என்றாள். இன்னும் ஒரு சூடு பாக்கி இருக்கிறதே என்றேன். "வேண்டாம். கண்ணு போதும்னு சொல்லுது."

ஏப்ரல் 11, வெள்ளி

வெளி அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மீன் தொட்டியில் ஒன்பது மீன். இல்லை, பத்து. ஒன்று பின்னால்.

டாக்டர் கதவைத் திறந்து பெட்டியை நீட்டினார். இந்தத் தடவையும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரத்தில் இருந்தார். வாங்கினேன்.

லேசாக இருந்தது. திறந்து பார்த்தேன். பஞ்சு மட்டும்.

பெட்டி காலி.

உள்ளிருந்து டீச்சர் வந்தார். கைக்குட்டை கையில்தான் இருந்தது, வாயில் இல்லை. "நீதான் பல் கொண்டுவர்ற பொண்ணா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் உற்று உற்றுப் பார்த்தேன். மேல் வரிசை, முன்பல், வலப்பக்கமா இடப்பக்கமா — சத்தியமாகத் தெரியவில்லை. மூன்று தடவை நான் தூக்கிக்கொண்டு அலைந்த பல், எனக்கே அடையாளம் தெரியவில்லை.

காலிப் பெட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தேன். சிக்னலில் அதோடும் பேசினேன்.

ஏப்ரல் 12, சனி

அக்கா பழைய முதலாளியின் செய்தியை அழித்துவிட்டாள். பதில் எதுவும் போடவில்லையா என்றேன். "எதுக்கு? அவன் இடம் காலியாவே இருக்கட்டும்" என்றாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நடைபாதையில் நாலு விளக்கின் ஸ்விட்ச் மேலும் ஸ்விட்ச் சார் காகிதம் ஒட்டியிருக்கிறார். 'வெயில் இருக்கையில் தொடாதே.' ஐந்தாவதின் கீழே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனதும் பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பதினொன்றே காலுக்கு ஒன்பது படி இறங்கி ஒரு பெரியவர் லேப்புக்குள் வந்தார். வழி தவறி வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். கையில் டாக்டர் கொடுத்த சீட்டு.

"கலர் இங்க வந்து பாத்துக்கச் சொன்னாரு. கிளினிக்கை விட இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்காமே?" என்றார். அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார், ஜன்னலைத் தேடினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிடும் என்று.

அவரை ஓட்டைக்கு நேரே உட்காரவைத்தோம். வாயைத் திறந்தார். அக்கா இப்போது எட்டாம் மாத வயிற்றோடு குனிய முடியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டையை அவர் பல்லோரம் கொண்டுபோனாள். ஏ-த்ரீயா, ஏ-த்ரீ-பாயிண்ட்-ஃபைவா என்று அவள் யோசிக்கும்போது வெளிச்சம் போய்விட்டது. மேகம்.

பெரியவர் வாயைத் திறந்தபடியே கண்ணால் கேட்டார். ஒன்றும் இல்லை, கொஞ்சம் வாயை மூடிக்கோங்க, வந்துரும் என்றாள் அக்கா.

மூன்று பேரும் அரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். சூளை மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அவர் என்ன வேலை என்று அக்கா கேட்டாள், தபால் ஆபீசில் ஊர்வாரியாகத் தபால் பிரித்தாராம், முப்பது வருஷம். குழல் வழியாக ஸ்விட்ச் சாரின் குரல் இறங்கி வந்தது: "சின்ன மேகம்தாம்மா. ரெண்டு நிமிஷம்."

காத்திருந்தோம். சுவர் ஓரத்தில் முதலில் ஒரு கோடு. அப்புறம் மேஜை. அப்புறம் அவர் கை, அவர் சட்டைப் பித்தான், அவர் முகம். அவரே வாயைத் திறந்தார்.

படம் எடுத்தேன். குழுவில் அப்படியே போட்டேன்.